பியூன் புத்தகம் போன பிறகு

பழைய அலுவலகங்களில் ஒரு கடிதத்தின் ஜாதகம் எல்லோருக்கும் தெரியும். உள்ளே வந்ததும் தேதி முத்திரை விழும். இன்வர்ட் ரிஜிஸ்தரில் எண் ஏறும். ஹெட்கிளார்க் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு உரியவர் மேஜைக்கு அனுப்புவார். அடுத்த கட்டடத்துக்குப் போக வேண்டியதென்றால் பியூன் புத்தகத்தில் எழுதி, கொடுத்த இடத்தில் கையெழுத்து வாங்கி வருவார் பியூன். 'வரவே இல்லையே' என்று யாரும் சாதிக்க முடியாது. புத்தகத்தைப் புரட்டிக் காட்டினால் விவகாரம் முடிந்தது.

இன்று இத்தனை பேர் வேலையையும் ஒரு திரையிடம் ஒப்படைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த அன்றோ, வேறு கிளைக்கு மாற்றலாகிப் போன அன்றோ, ஒரு துண்டுச் சீட்டில் முகவரியும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்து, 'இனிமேல் எல்லாம் இதில்தான்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கற்றுத் தருவதில்லை. தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தெரியாதென்று சொல்ல நமக்குக் கூச்சம். இந்தக் கூச்சம் ஐம்பதைத் தாண்டியவர்களுடையது மட்டும் என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பிலேயே வளர்ந்த 22 வயதுப் பட்டதாரியும் சப்ஜெக்ட் வரியில் என்ன எழுதுவதென்று கேட்டால் முழிக்கிறார். தொழிற்கூடத்திலிருந்து சூப்பர்வைசராக உயர்ந்தவர், குழந்தைகளை ஆளாக்கிவிட்டுப் பத்து வருடம் கழித்து வேலைக்குத் திரும்பிய பெண், பள்ளி அலுவலகத்தைத் தனியாளாக நடத்துகிறவர் என்று இந்தப் பட்டியல் நீளும். இந்த வாரப் பகுதி அவர்களுக்கு.

விஷயம் ஒன்றும் புதிதல்ல. ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1971-ல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினார். ஆளின் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்ட் 15 அன்று திறந்துவிட்டது. மறு வருடம் ஜூலை 4-ல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். அஞ்சல், காலண்டர் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் அவுட்லுக் 1997-ல் வந்தது. ஜி-மெயில் 2004-ல், கூகுள் காலண்டர் 2006-ல். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவும் இதே பண்டத்தை விற்கிறது. உங்கள் கம்பெனி எதை வாங்கியிருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. பொத்தான்கள் இடம் மாறலாம். சங்கதி ஒன்றுதான்.

முதலில் முகவரிப் பெட்டிகள். 'டு' என்ற பெட்டியில், வேலையைச் செய்ய வேண்டியவர் பெயர். 'சி.சி.' பெட்டியில், தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவர் பெயர். சி.சி. என்றால் கார்பன் காப்பி. இரண்டு தாளுக்கு நடுவே நீலக் கார்பன் வைத்து டைப் அடித்த காலத்து வார்த்தை. தாளும் போய், கார்பனும் போய், பெயர் மட்டும் தங்கிவிட்டது. உங்கள் பெயர் சி.சி.யில் இருந்தால் படித்தால் போதும், பதில் கடமையில்லை. மேலிடத்துக்கு நான்கு பேர் பெயரை 'டு'வில் போட்டால் நால்வரும் மற்ற மூவரில் ஒருவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். ஒரு வேலைக்கு ஒரு பெயர்.

இது புத்தகச் சட்டம். நடைமுறையில், நம் அலுவலகங்களில் சி.சி. என்பது தகவல் அல்ல, புகார். அக்கவுண்ட்ஸில் ஒரு பில் இரண்டு வாரமாகக் கிடக்கிறது. பில்லைப் பார்ப்பவருக்கு நினைவூட்டி ஒரு வரி எழுதுகிறீர்கள், அவருடைய மேலதிகாரியை சி.சி.யில் சேர்க்கிறீர்கள். வார்த்தையில் கோபமே இல்லை. ஆனால் அவர் படிக்கும்போது கன்னத்தில் விழுந்தது போல இருக்கும். பில் அன்றைக்கே பாஸாகலாம். அடுத்த பில் ஆகாது. ஆகவே முதலில் போன். பிறகு அவருக்கு மட்டும் அஞ்சல். அதற்கும் அசையாவிட்டால், 'நாளை உங்கள் மேனேஜரையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்' என்று சொல்லிவிட்டு சி.சி. உங்களை யாராவது இப்படிச் செய்தால், மேலதிகாரியின் பெயரை நீக்கிவிட்டுத் தனியாகச் சண்டைக்குப் போகாதீர்கள். எந்தத் தேதியில் என்ன வந்தது, என்ன நடந்தது, எப்போது முடியும் என்று நான்கு வரி, எல்லோருக்கும் தெரிய எழுதுங்கள். தேதி போட்ட பதிலுக்கு முன்னால் புகார் நிற்பது கடினம்.

'பி.சி.சி.' என்பது மறைவாகப் போகும் நகல். ஐம்பது வாடிக்கையாளர்களுக்கு ஒரே அறிவிப்பு அனுப்பும்போது ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமலிருக்க இது சரியான வழி. சக ஊழியரை மாட்டிவிட மேலதிகாரிக்கு ரகசியமாக நகல் அனுப்ப இதைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அந்த மேலதிகாரி கவனிக்காமல் 'ரிப்ளை ஆல்' அழுத்தினால், ஒளிந்திருந்தது அம்பலம்.

ரிப்ளை ஆல் விபத்துகளுக்கு ராஜாதி ராஜாவே தப்பவில்லை. 1997-ல் மைக்ரோசாஃப்டின் உள் அஞ்சல் பட்டியல் ஒன்றில் சுமார் 13,000 பேர் தங்களுக்கே தெரியாமல் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஒருவர் அதைக் கண்டு 'என்னை நீக்குங்கள்' என்று பட்டியலுக்கே எழுத, 'என்னையும்' என்று பலர் எழுத, 'எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்' என்று இன்னும் பலர் எல்லோருக்கும் பதில் போட, ஒன்றரைக் கோடி செய்திகள் பாய்ந்து சர்வர்கள் திணறின. அஞ்சல் மென்பொருள் தயாரித்து விற்கிற கம்பெனியிலேயே!

அடுத்து சப்ஜெக்ட். தமிழில் அலுவலகக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை: 'பொருள்', 'பார்வை' என்று இரண்டு வரி எழுதாமல் நாம் ஆரம்பித்ததே இல்லை. சப்ஜெக்ட் என்பது அந்தப் 'பொருள்'தான். 'அவசரம்', 'வணக்கம்', 'விவரங்கள்' என்பதெல்லாம் பொருள் ஆகாது. 'நாக்பூர் கிடங்கு வாடகை ஒப்பந்தம்: 14-ம் தேதிக்குள் கையெழுத்து தேவை' என்பது பொருள். ஆறு மாதம் கழித்துத் தேடும்போதும் கையில் கிடைக்கும். 'பார்வை'க்குத் தனி வேலை இல்லை. பழைய அஞ்சலுக்கே ரிப்ளை கொடுத்தால் முந்தையதெல்லாம் கீழே வாலாகத் தொடரும். வசதிதான். ஆபத்தும் அங்கேதான். வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியலை ஃபார்வர்டு செய்யும்போது, 'இந்த ஆள் எவ்வளவு சொன்னாலும் வாங்குவான், பத்து சதவிகிதம் ஏற்று' என்று உங்கள் மேனேஜர் மூன்று நாள் முன்பு எழுதியதும் கூடவே போகும். ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன் கடைசிவரை இறங்கிப் பாருங்கள். இன்னும் நல்லது, புதிதாக ஓர் அஞ்சல் தொடங்கி வேண்டியதை மட்டும் இணைப்பது.

உள்ளே எழுதுவது பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. யார், எதை, எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்பது முதல் மூன்று வரிக்குள் வந்துவிட வேண்டும். 'டூ தி நீட்ஃபுல்' என்று முடித்தால் எது நீட்ஃபுல் என்பதை எதிராளி அவருக்குச் சௌகரியமானபடி தீர்மானிப்பார். பாதி எழுதும்போதே கை தவறி 'செண்ட்' விழாமலிருக்க, முகவரியைக் கடைசியில் நிரப்புங்கள். முதலில் அட்டாச்மெண்ட், பிறகு வாசகம், கடைசியில் பெயர். அனுப்பியதைத் திருப்பி அழைக்கும் வசதி ஜி-மெயிலில் அதிகபட்சம் 30 விநாடி. அதை நீங்களே செட்டிங்கில் போய் 30 என்று வைக்க வேண்டும். அவுட்லுக்கில் ஒரு 'ரீகால்' இருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்குள் அனுப்பியதில் மட்டும் அது செல்லும், வெளியே போன அஞ்சல் போனதுதான்.

'நான் பார்க்கவே இல்லை' என்ற பழைய சாக்கு இப்போது எந்த அளவுக்குச் செல்லும்? 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், எழுத்தில் இருக்க வேண்டிய சமாசாரம் மின்னணு வடிவில் இருந்தாலும் போதும் என்கிறது. அதன் 13-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்த முகவரிக்கு அனுப்பு என்று ஒருவர் குறித்துக் கொடுத்திருந்தால், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, செய்தி அங்கே நுழைந்த நேரமே பெறப்பட்ட நேரம். திறந்து படித்த நேரம் அல்ல. லெட்டர்ஹெட்டில் அலுவலக முகவரியை அச்சடித்துவிட்டு வாரத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கும் சின்ன நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நோட்டீஸுக்குப் பதில் சொல்லும் கெடு, நீங்கள் விடுமுறையில் இருக்கும்போதே ஓடத் தொடங்கியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்தை உரிய சான்றிதழோடு கோர்ட்டில் சாட்சியமாக வைக்க இடம் தருகிறது. எனவே முக்கியமான அஞ்சலைப் பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணிவிட்டு ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். 'படித்தார்' என்று திரும்பிவரும் ரீட் ரிசீட்டை ரொம்ப நம்பவும் வேண்டாம். அனுப்பாதே என்று எதிராளி ஒரு க்ளிக்கில் மறுத்துவிடலாம். 'கிடைத்தது' என்று அவரே ஒரு வார்த்தை பதில் எழுதினால் அதுதான் இந்தக் காலத்துப் பியூன் புத்தகம். கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுங்கள்.

இன்பாக்ஸ் நிரம்பி வழிவது எல்லோருக்கும் உள்ள வியாதி. பழைய தபால் கிளார்க் மேஜையில் தபாலைக் குவித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மறுபடி அதே குவியலில் போட்டதில்லை. எடுத்தால் எங்காவது போய்ச் சேரும். நீங்களும் அப்படியே செய்யலாம். இரண்டு நிமிடத்தில் முடிவதை அப்போதே முடித்து 'ஆர்க்கைவ்' செய்யுங்கள். ஆர்க்கைவ் என்றால் அழிப்பதல்ல, மேஜையிலிருந்து ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவது. தேடினால் வரும். நேரம் பிடிக்கிற வேலையென்றால் அதற்கு ஒரு நாளும் மணியும் குறித்துக் காலண்டரில் ஏற்றுங்கள். குப்பையை அழியுங்கள். இருபது ஃபோல்டர் திறந்து வகைபிரிப்பது பார்க்க அழகு. என் அபிப்பிராயத்தில் வீண் வேலை. தேடும் பெட்டியில் அனுப்பியவர் பெயரும் ஒரு சொல்லும் கொடுத்தால் எந்த ஃபோல்டரையும்விட சீக்கிரம் கிடைக்கிறது.

இனி காலண்டர். அஞ்சலைக் கற்றுக்கொள்கிறவர்களில் பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். மேஜையில் எல்.ஐ.சி. டயரி இருக்கிறதே, போதாதா? உங்களுக்கு மட்டும் என்றால் போதும். டயரி செய்ய முடியாத காரியம், உங்களுக்கு எப்போது ஒழிவு என்பதை மற்றவர்களுக்குச் சொல்வது. ஐந்து பேரை ஒரு அறையில் கூட்ட வேண்டுமென்றால் பழைய முறையில் பன்னிரண்டு போன். காலண்டரில் ஐந்து பெயரையும் சேர்த்தால் யார் எப்போது வேலையாக இருக்கிறார்கள் என்று பட்டைகளாகத் தெரியும். இடைவெளி பார்த்து அழைப்பு அனுப்பலாம். நீங்கள் அவுட்லுக்கிலும் எதிராளி ஜி-மெயிலிலும் இருந்தாலும் அழைப்பு போய்ச் சேர்வதற்குக் காரணம், ஐகேலண்டர் என்ற பொது வடிவம். 1998-லேயே வகுக்கப்பட்டது.

அழைப்பு வந்தால் 'வருகிறேன்', 'வரவில்லை', 'பார்க்கலாம்' என்று மூன்று பதில். கல்யாணப் பத்திரிகைக்கு 'வரமுடியாது' என்று எழுதிப் பழகாதவர்கள் நாம். அதனால் எதையும் அழுத்தாமல் விட்டுவிடுகிறோம். அழைத்தவர் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். மறுப்பது மரியாதைக்குறைவு அல்ல, பதிலே சொல்லாததுதான். 'அன்று தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள், வியாழன் காலை முடியுமா?' என்று ஒரு வரி சேர்த்து மறுத்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

வெளிநாட்டு வாடிக்கையாளர் இருக்கும் அலுவலகமென்றால் நேர மண்டலத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது அங்கே கோடைக்கணக்கு ஓடும்போது நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 7.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி மாறும். அழைப்பை நியூயார்க் நேரத்தில் பதிந்தால் மென்பொருளே இதைக் கவனித்துக்கொள்ளும். மனக்கணக்கில் டயரியில் எழுதியவர்தான் ஒரு மணி நேரம் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். மாதாமாதம் வரும் கெடுக்களையும் ஒரே முறை பதிந்து 'ரிப்பீட்' கொடுத்துவிடலாம். பிடித்த வருமான வரியைக் கட்ட 7-ம் தேதி, பி.எஃப். கட்ட 15. கெடு தேதியில் மணி அடித்துப் பிரயோசனமில்லை. நான்கு நாள் முன்னால் ஒன்று, முந்தின நாள் ஒன்று என்று இரண்டு நினைவூட்டல் வையுங்கள்.

ஒரு நெருடலான விஷயமும் இதில் இருக்கிறது. நம் அலுவலகங்களில் பெரியவரின் நேரத்துக்கு விலை உண்டு, சின்னவரின் நேரம் எப்போதும் ஒழிவு. காலியாகக் கிடக்கும் காலண்டர் அந்த நினைப்பைப் பலப்படுத்துகிறது. மாலை 6 மணிக்குக் கட்டம் காலியாக இருந்தால் கூட்டம் வந்து விழும். ஆறரை மணிக்குக் குழந்தையைக் கிரெஷிலிருந்து அழைத்து வர வேண்டிய பெண்ணுக்கு இது தினசரிக் கண்டம். நேரில் சொன்னால் 'வீட்டு விஷயம்' ஆகிவிடுகிறது, அடுத்த பதவி உயர்வின்போது நினைவுக்கு வருகிறது. காலண்டரில் அந்த நேரத்தைப் பதிந்து 'பிரைவேட்' என்று குறித்தால் மற்றவர்களுக்கு 'பிஸி' என்று மட்டும் தெரியும், காரணம் தெரியாது. 'வொர்க்கிங் அவர்ஸ்' என்று வேலை நேரத்தைக் குறிக்கவும் இடமுண்டு, அதற்கு வெளியே அழைக்கிறவருக்கு எச்சரிக்கை காட்டும். இதனால் மேலதிகாரி திருந்திவிடுவார் என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டம் வைப்பதற்கு முன் அந்தப் பட்டையை அவர் ஒரு தடவை பார்த்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய நெருடல் ஒன்று. பல அலுவலகங்களில் பெரியவரின் அஞ்சலை அவருடைய பி.ஏ.தான் திறக்கிறார். அவருடைய பாஸ்வேர்டு பி.ஏ.யின் டிராயரில், ஒரு சீட்டில். இருபது வருட விசுவாசத்தின் அடையாளமாக இது கருதப்படுகிறது. அவர் பெயரில் தவறான ஒப்புதல் ஒன்று வெளியே போனால், போட்டது யார் கை என்பதற்கு ஆதாரம் இல்லை. விசாரணை என்று வந்தால் யார் தலை உருளும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. அவுட்லுக், ஜி-மெயில் இரண்டிலும் 'டெலிகேட்' என்று ஒரு வசதி இருக்கிறது. பெரியவர் தன் பெட்டியைப் பார்க்கவும் பதில் எழுதவும் பி.ஏ.வுக்கு அனுமதி கொடுக்கலாம். பி.ஏ. தன் சொந்தப் பாஸ்வேர்டில் நுழைவார். காலண்டருக்கும் அதே போல. பி.ஏ.வாக இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். 'சார், உங்கள் பாதுகாப்புக்குத்தான்' என்று ஆரம்பித்தால் பேச்சு சுமுகமாகப் போகும்.

பாஸ்வேர்டைக் கேட்டு வரும் அஞ்சல்கள் வேறு வகை. 'உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்தவும்' என்றோ, எம்.டி. பெயரில் 'கூட்டத்தில் இருக்கிறேன், இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பு' என்றோ வரும. திரையில் தெரியும் பெயரை எவனும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பெயரை அழுத்தி, பின்னால் இருக்கும் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சப்ளையர் பாங்க் கணக்கு மாறிவிட்டதாக எழுதினால், அந்த அஞ்சலில் உள்ள நம்பருக்கு அல்ல, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும், பாங்கிற்கும் சொல்ல வேண்டும். முதல் சில மணி நேரம்தான் மடக்க வாய்ப்பு. முன்னெச்சரிக்கையாக, பாஸ்வேர்டுக்கு மேல் போனில் இன்னொரு உறுதி கேட்கும் இரண்டு படிப் பூட்டை இன்றே போட்டுவிடுங்கள்.

கடைசியாக, அலுவலக முகவரி உங்களுடையது அல்ல. கம்பெனி கொடுத்த நாற்காலி போலத்தான். உள்ளே இருப்பதைக் கம்பெனி பார்க்கலாம், வேலையை விட்ட அன்று மாலையே பூட்டிவிடலாம். பாங்க் கணக்கு, பி.எஃப்., வருமான வரி, இன்ஷூரன்ஸ், மகளின் கல்லூரி என்று எல்லாவற்றுக்கும் இந்த முகவரியையே கொடுத்திருப்பவர்கள் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு பி.எஃப். விஷயமாக வரும் செய்தி, திறக்க முடியாத ஒரு பெட்டிக்குப் போய் உட்கார்ந்திருக்கும். சொந்தமாக ஒரு முகவரி இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கி, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வாருங்கள். ஓய்வுக்கு இன்னும் வருடங்கள் இருக்கிறதென்று தள்ளிப்போடுகிறவர்கள், அந்த நாளுக்கு ஆறு மாதம் முன்னதாகக் காலண்டரில் ஒரு சனிக்கிழமையைக் குறித்து வைக்கலாம். சொந்தக் காலண்டரில், அலுவலகத்துடையதில் அல்ல.